வயசான காலத்துக்கு யார் பொறுப்பு? – முதியோர் பணம் வந்த கதை



மலருக்கு ஏதாவது எழுதிக் குடுன்னு சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். கதை, கவிதை எல்லாம் எனக்கு வராது. அதனால போன வருஷம் எங்க கூட்டத்தில் நடந்த ஒரு பேச்சை வெச்சு ஆரம்பிக்கிறேன்.

எங்க குழுவில் ஆரம்பத்தில் இருந்து இருக்கிற அக்கா ஒருத்தருக்கு இப்போ 63 வயசு. களை வெட்டப் போய், மஞ்சக் காட்டில் வேலை செஞ்சு, ஒரு மாசம் கூடத் தவறாம சந்தா கட்டினவங்க. அன்னைக்கு வந்து சேமிப்புப் புத்தகத்தை மேசை மேல வெச்சு, "முட்டி தேஞ்சு போச்சு கண்ணு. இனிமே கூலிக்குப் போக முடியாது, சந்தாவும் கட்ட முடியாது. என் பேரை எடுத்துருங்க"ன்னு சொன்னாங்க.

யாருக்கும் பேச்சு வரலை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிச்சோம். ஒருத்தர், "சம்பாதிக்கிற காலத்துல அவங்கவங்க சேர்த்து வெச்சிருக்கோணும்"னு சொன்னாங்க. இன்னொருத்தர், "கூலிக்காரி எங்கீங்க சேர்க்கறது, கவர்மெண்டுதான் குடுக்கோணும்"னு சொன்னாங்க. "பெத்த மக்க எதுக்கு இருக்காங்க?"ன்னு மூணாவதா ஒருத்தர் கேட்டாங்க. ஒரு முடிவும் வராம கூட்டம் கலைஞ்சுது.

எனக்கு அது மனசுலயே நின்னுபோச்சு. காரணம், எங்க வீட்டிலும் அதே பிரச்சினை ஓடிட்டு இருந்துது. அதனால இந்த முதியோர் பணம் எப்படி வந்துச்சு, யார் யார் குடுத்தாங்கன்னு புத்தகத்திலும் பேப்பரிலும் தேடிப் படிச்சேன். தெரிஞ்சதை உங்களுக்குச் சொல்றேன்.

பழைய வழக்கம்

முன்னால எல்லாம் வயசானவங்களுக்கு வீடுதான் எல்லாம். எங்க பக்கம் தோட்டங்காடு இருக்கிறவங்க பாகம் பிரிக்கிறப்போ, அப்பனுக்கும் ஆத்தாளுக்கும்னு கொஞ்சம் பூமியைத் தனியா ஒதுக்கி வைப்பாங்க. அதில் வர்ற வெள்ளாமை அவங்க காலம் முடியற வரைக்கும் அவங்களுக்கு. கையில் பூமி இருந்ததால அவங்க பேச்சுக்கும் வீட்டில் மரியாதை இருந்துச்சு.

பூமியே இல்லாத கூலி ஆளுங்களுக்கு அந்த வழி கிடையாது. உடம்பில் தெம்பு இருக்கிற வரைக்கும் வேலை. அப்புறம் மக்கள் ஊத்துற கஞ்சி. மக்களும் கூலிக்காரங்கதான். அவங்க வயித்துக்கே பத்தாதபோது ஆத்தாளுக்கு எங்கிருந்து ஊத்துவாங்க?

பெண்களுக்கு இன்னும் மோசம். பூமியில் பொண்ணுக்குப் பங்கே இல்லாமல் இருந்தது. தமிழ்நாட்டில் 1989-ல் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை கிடைத்தது. நாடு முழுவதும் அந்த உரிமை வர 2005 ஆகிவிட்டது. அதுக்கு முன்னால கட்டிக்கொடுத்த நம்ம அம்மாமார்கள், மாமியார்கள் பெரும்பாலும் தன் பேரில் ஒரு சென்ட் கூட இல்லாமல் கிழவி ஆனவங்கதான்.

மற்ற நாடுகளில்

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. நம்மை ஆண்ட இங்கிலாந்திலும் அந்தக் காலத்தில் கதியில்லாத கிழவன் கிழவிக்கு ஏழைகள் விடுதிதான் கடைசி இடம். அங்கே ஆண்களைத் தனியாகவும் பெண்களைத் தனியாகவும் வைப்பார்கள். ஆயுசு முழுக்க ஒண்ணா வாழ்ந்த புருஷனும் பொஞ்சாதியும் கடைசிக் காலத்தில் பிரிஞ்சு கிடக்கணும். அங்கே போகிறதை விடச் சாகிறதே மேல்னு நினைச்சவங்க நிறையப் பேர்.

1889-ல் ஜெர்மனியில் ஒரு சட்டம் போட்டார்கள். தொழிலாளி கொஞ்சம், முதலாளி கொஞ்சம் கட்ட வேண்டும், அரசாங்கமும் கொஞ்சம் சேர்க்கும். 70 வயசு ஆனால் ஓய்வூதியம். இது கட்டினவங்களுக்குக் கிடைக்கிற பணம்.

1908-ல் இங்கிலாந்து வேற வழியில் போனது. யாரும் எதுவும் கட்ட வேண்டாம், 70 வயசு ஆன ஏழைக்கு வாரம் 5 ஷில்லிங் வரைக்கும் வரிப்பணத்தில் இருந்து கொடுப்போம் என்று சட்டம் செய்தார்கள். 1909 ஜனவரி 1-ஆம் தேதி வயசானவங்க தபால் ஆபீசுக்குப் போய் முதல் முறையாக அந்தப் பணத்தை வாங்கினார்கள்.

கட்டினவருக்கு மட்டும் கொடுப்பதா, கட்ட முடியாதவருக்கும் கொடுப்பதா? இந்த ரெண்டு வழிதான் அன்னைக்கும் இருந்துது. எங்க கூட்டத்தில் போட்ட சண்டையும் அதேதான்.

நம்ம நாட்டில்

1950-ல் வந்த நம் அரசியல் சட்டத்தில் 41-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வேலை இல்லாதபோது, நோயில், முதுமையில் மக்களுக்கு உதவ அரசு தன் சக்திக்கு உட்பட்டு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது.

1952-ல் தொழிலாளர்களுக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. நாம பி.எஃப். என்று சொல்வது அதுதான். அது ஜெர்மனி மாதிரி, கட்டினவருக்கு. மில், கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவருக்கு ஆச்சு. காட்டில் களை வெட்டுகிறவருக்கு?

அவங்களுக்காக உத்தரப் பிரதேசத்தில் 1957-ல் முதியோர் ஓய்வூதியம் ஆரம்பித்தார்கள். நம் மாநிலத்தில், அப்போது சென்னை மாநிலம், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1962 ஏப்ரலில் ஆரம்பமானது. மாசம் 20 ரூபாய். அப்புறம் 1975-ல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1986-ல் கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தனித்தனியாகத் திட்டம் வந்தது.

மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15-ல்தான் நாடு முழுவதற்கும் முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தது. 65 வயசு ஆன ஆதரவற்றோருக்கு மாசம் 75 ரூபாய். 2007-ல் அதுக்கு இந்திரா காந்தி பேர் வைத்து, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று மாற்றினார்கள். 2011-ல் வயசை 65-ல் இருந்து 60 ஆகக் குறைத்தார்கள். நம் மாநிலத்தில் 2011-ல் தொகை 1,000 ரூபாய் ஆனது. 2023-ல் 1,200 ஆனது. இதில் 60 முதல் 79 வயசு வரைக்கும் உள்ளவருக்கு மத்திய அரசு தருவது 200 ரூபாய்தான். 80 தாண்டினால் 500. மீதி மாநில அரசின் பணம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை, வேட்டி, மாசாமாசம் ரேஷனில் இலவச அரிசியும் உண்டு.

1,200 ரூபாயை 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். டீக்கும் மாத்திரைக்கும் சரியாப் போகும். குறைவுதான். ஆனா அது இல்லாத காலத்தை நினைச்சுப் பார்க்கணும்.

எங்க அம்மாயி

எங்க அம்மாயி சின்ன வயசிலேயே தாலி இழந்தவங்க. கூலி வேலை செஞ்சு மூணு பேரைக் கரை சேர்த்தாங்க. கடைசியில் அவங்களுக்கு முதியோர் பணம் மணியார்டரில் வரும். வர்ற நாள் தெரிஞ்சுட்டா காலையிலேயே குளிச்சு, வெளுத்த சீலை கட்டி, திண்ணையில் உட்கார்ந்துக்குவாங்க. போஸ்ட்மேன் வந்ததும் கைநாட்டு வெச்சு வாங்கி, ரெண்டு தடவை எண்ணி, சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் சொருகிக்குவாங்க.

அந்தப் பணத்தில் பொரியும் கடலையும் வாங்கி எங்களுக்குக் குடுப்பாங்க. வெத்தலை பாக்குக்கு மாமனிடம் கை நீட்ட மாட்டாங்க. அத்தைக்கு உடம்பு சரியில்லாதபோது ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு அம்மாயிதான் பணம் குடுத்தாங்க. அன்னையில் இருந்து அத்தை அவங்களுக்குச் சோறு போடுகிற விதமே மாறிப்போச்சு.

"சர்க்கார் பணம் குடுத்தா மக்கள் கைவிட்டுருவாங்க"ன்னு சிலர் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லுவார். நான் பார்த்தது வேற. வயசானவங்க கையில் நாலு காசு இருந்தா வீட்டில் அவங்களுக்கு ஒரு இடம் இருக்கு.

வெட்கம்

ஆனா இந்தப் பணத்தோட ஒரு வெட்கமும் ஒட்டிக்கிட்டே வந்துச்சு. ஆரம்பத்தில் இருந்தே "ஆதரவற்றோர்" என்ற சொல்தான் அதுக்கு முன்னால் நின்றது. பார்த்துக்க ஆள் இல்லாதவர் என்று அர்த்தம். எங்க மாமியாருக்கு எழுதிப் போடலாமான்னு நான் கேட்டபோது, "ரெண்டு பசங்க கல்லு மாதிரி இருக்கறப்போ ஊரு என்ன பேசும்?"னு வீட்டில் ஒரே சத்தம். மாமியாரே, "எனக்கு வேண்டாம் சாமி"ன்னு சொல்லிட்டாங்க. மகன்களின் மானம் போயிருமாம். அவங்க மருந்துச் சீட்டைத் தலகாணிக்கு அடியில் மறைச்சு வெச்சிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். வாங்கித் தரச் சொல்லக் கூச்சம்.

பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. 1956-லேயே இந்துக்களுக்கு அப்படி ஒரு சட்டம் வந்தது. 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் பிள்ளைகளிடம் இருந்து வாங்கித் தரலாம். நல்ல சட்டம்தான். ஆனா பெத்த மகன் மேல மனு எழுத எத்தனை தாய்க்கு மனசு வரும்? மகனிடமே ஒன்றும் இல்லை என்றால் மனு கொடுத்து என்ன ஆகும்?

இன்னொன்றும் கவனிச்சேன். அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனா நம்ம ஊரில் அந்த வேலையைச் செய்கிறது யாருங்க?

நாமளே சேர்த்து வைத்தால்?

2015-ல் அடல் பென்ஷன் யோஜனா வந்தது. 18-ல் இருந்து 40 வயசுக்குள் சேரலாம். 60 வயசு வரைக்கும் கட்டினால் அப்புறம் மாசம் 1,000-ல் இருந்து 5,000 வரைக்கும் பென்ஷன். 18 வயசில் சேர்ந்தால் 1,000 ரூபாய் பென்ஷனுக்கு மாசம் 42 ரூபாய்தான். 35 வயசில் சேர்ந்தால் அதுக்கே 181 ரூபாய். 5,000 வேணும்னா 902 ரூபாய்.

எனக்கு அப்போ 35. நான் 181 ரூபாய்க்குச் சேர்ந்திருக்கேன். சேராதவங்க சேருங்க, நம்ம பொண்ணுகளை 18 வயசிலேயே சேர்த்து விடுங்க. ஆனா ஒன்றை மறக்கக் கூடாது. 25 வருஷம் கழிச்சு வர்ற 1,000 ரூபாய் இன்னைக்கு இருக்கிற 1,000 ரூபாய் இல்லை. 1962-ல் 20 ரூபாய் ஒரு உதவி. இன்னைக்கு 20 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் பிஸ்கெட்தான். அதனால சேமிப்பு மட்டுமே காப்பாத்தும்னு நம்பி உட்கார முடியாது.

என் கணக்கு

இப்போ என் கதைக்கு வர்றேன். எங்க பகுதியில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் நான் மூணு வருஷம் தைச்சேன். வேன் வரும், மாசம் 9,000 ரூபாய், பி.எஃப். பிடிப்பாங்க. மாமியார் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சுது. ஆள் வெச்சுப் பார்க்க விசாரிச்சோம், மாசம் 15,000 கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் வேலையை விட முடியாது, கொழுந்தனாரும் முடியாதுன்னுட்டார். யாரும் என்னைக் கேட்கவே இல்லை. நான்தான் நின்னேன்.

மூணு வருஷம் ஆச்சு. மலம், மூத்திரம் எடுத்து, புண்ணு வராம திருப்பிப் போட்டு, ஊட்டி விட்டேன். அவங்க நல்லவங்க, நான் குறை சொல்லலை. ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9,000 வீதம் 36 மாசம், 3,24,000 ரூபாய். அந்தப் பணம் எங்க குடும்பத்தில் யார் பேரிலும் செலவாக எழுதப்படலை.

அது மட்டும் இல்லை. பி.எஃப்.-ல் பென்ஷன் வேணும்னா பத்து வருஷம் வேலை செஞ்சிருக்கணும். நான் மூணு வருஷத்தில் விட்டதால் கட்டின பணத்தை எடுத்துட்டேன், அதுவும் மருந்துக்கே போச்சு. மத்தவங்க முதுமையைப் பார்த்துக்கிட்டதால என் முதுமைக்கு வர வேண்டிய பென்ஷன் போயிருச்சு. நம்ம கூட்டமைப்பில் இப்படி எத்தனை பேர்னு கை தூக்கச் சொன்னா மண்டபமே கை தூக்கும்.

அதனால்தான் சொல்றேன். "அவங்கவங்க சேர்த்து வெச்சிருக்கோணும்"னு சொல்றது ஆயுசு முழுக்கச் சம்பளம் வாங்கினவருக்குப் பொருந்தும். சம்பளம் இல்லாத வேலை செஞ்ச பெண்ணுக்கு அது பொருந்தாது. அவள் எங்கிருந்து சேர்ப்பாள்?

வரி கட்டுறது யாரு?

"வரி கட்டுறவன் பணத்தை ஏன் எடுத்துக் குடுக்கோணும்?"னு கேட்கிறாங்க. வரி கட்டுறவன்னா ஏதோ பட்டணத்துப் பெரிய மனுஷன்னு நாம நினைச்சுக்கிறோம். 2017 ஜூலையில் இருந்து ஜி.எஸ்.டி. வந்திருக்கு. நாம செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணினா 18 சதவீதம் வரி. சோப்பு, துணிமணி, வீட்டுச் சாமான்னு வாங்கறப்போ எல்லாம் வரி. அந்த 63 வயசு அக்காவும் நாற்பது வருஷமா ஏதோ ஒரு வரி கட்டிட்டுத்தான் இருக்காங்க. அவங்களுக்குக் குடுக்கிறது பிச்சை இல்லை. அவங்க குடுத்ததில் கொஞ்சம் திரும்பி வருது.

அரசாங்கத்துக்கும் கஷ்டம் இருக்கு, ஒத்துக்கிறேன். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயசைத் தாண்டியவங்க. இனி இது கூடத்தான் செய்யும். குழந்தைகள் குறைவு, வேலை செய்கிறவர் குறைவு. எல்லாத்தையும் வரிப்பணமே சுமக்க முடியாது. ஆனா அதே காரணத்தால், ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற ஒரே மருமகளும் எல்லாத்தையும் சுமக்க முடியாது.

பணம் மட்டும் போதாது

1,200 ரூபாய் வந்தாலும் படுத்தவரைத் தூக்கி உட்கார வைக்கிறது பணம் இல்லை, கைதான். இதிலும் ஒரு புது வழி வந்திருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் "மக்களைத் தேடி மருத்துவம்" ஆரம்பித்தார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது. படுக்கையில் இருக்கிறவங்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சையும் வீட்டில் வந்து செய்யறாங்க. மாத்திரை கொண்டு வர்ற தன்னார்வலர்கள் நம்ம மாதிரி குழுப் பெண்கள்தான்.

எங்க மாமியாருக்கு அப்படி ஒரு தங்கச்சி வந்தபோது, மூணு வருஷத்தில் முதல் தடவையா இன்னொரு ஆள் அவங்களைத் திருப்பிப் போட்டாங்க. நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் வாசப்படியில் உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு எவ்வளவு பெரிசுன்னு சொல்லத் தெரியலை.

என் முடிவு

படிச்சதையும் பட்டதையும் வெச்சு எனக்குத் தோணுறது இதுதான். வயசானவர் பசியில்லாமல், கை நீட்டாமல் இருக்கிற அளவுக்கு அடிப்படைப் பணம் வரிப்பணத்தில் இருந்து வரணும். மகன் இருக்காரா இல்லையான்னு பார்க்காமல், வயசையும் தேவையையும் பார்த்துக் குடுக்கணும். அதுக்கு மேல் நம்ம சேமிப்பு. பாசமும் பக்கத்தில் இருக்கிறதும் மக்கள் பொறுப்பு. அதில் மகனும் மருமகளும் சரிபாதி. உடம்பைப் பார்த்துக்கிற வேலை வீட்டுக்குள்ளேயே ஒருத்தி தலையில் முடியக் கூடாது.

நம்ம கூட்டமைப்பு செய்யக் கூடியதும் இருக்கு. 60 தாண்டின உறுப்பினர் பேரை எடுக்க வேண்டாம். முதியோருக்குன்னு தனிக் குழு அமைக்க வழி இருக்கு, நலிவு நிலை குறைப்பு நிதியிலும் அவங்களை முன்னால் வைக்கலாம். தகுதி இருந்தும் வெட்கப்பட்டு எழுதிப் போடாதவங்க வீட்டுக்கு நாமளே போய் மனு எழுதிக் குடுக்கலாம். முதியோருக்கு ஏதாவது சிரமம்னா 14567 என்ற உதவி எண் இருக்குன்னு சொல்லலாம். ஒரு வீட்டில் ஒருத்தி படுத்தவரைப் பார்த்துட்டு இருந்தா, வாரத்தில் ஒரு பொழுது மத்த உறுப்பினர் போய் உட்கார்ந்து அவளை வெளியே அனுப்பலாம். அதுக்குப் பணமே வேண்டாம்.

அந்த அக்கா பேரை நாங்க எடுக்கலை. அடுத்த கூட்டத்திலேயே முதியோர் பணத்துக்கு மனு எழுதிக் குடுத்தோம், நான்தான் எழுதினேன். கையெழுத்துப் போட்டுட்டு, "இது பிச்சை இல்லையே கண்ணு?"ன்னு கேட்டாங்க.

"இல்லைங்க அக்கா, இது உங்க பணம்"னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மாமியாருக்கும் ஒரு மனு எழுதினேன். இந்தத் தடவை எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை. ஆதார் அட்டையை அவரே எடுத்துக் குடுத்தார்.